சிங்கம் உருமாறும், வயலின் உருமாறாது

செம்பூரில் வளர்ந்த ஓர் இளைஞர் கேட்டது இது: "ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் படம் தொடங்குமுன் காட்டும் சின்னங்களை அடிக்கடி புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. நம் மும்பை ஸ்டூடியோக்களின் சின்னங்களோ பல ஆண்டுகள் அப்படியே இருந்துவிட்டு ஒருநாள் காணாமல் போய்விட்டன. ஏன் இந்த வேறுபாடு?" கூடவே ஒரு துணைக் கேள்வி: எம்.ஜி.எம். நிறுவனத்தின் சிங்கத்தைக் கட்டிலில் கட்டிப்போட்டு அந்தச் சின்னத்தைப் படமெடுத்ததாக வாட்ஸ்அப்பில் சுற்றும் புகைப்படம் உண்மையா? சிங்கத்தைக் கடைசியில் கவனிப்போம்.

சுருக்கமான விடை: அங்கே சின்னம் நிறுவனத்துக்குச் சொந்தம், இங்கே அது ஓர் ஆளுக்குச் சொந்தமாக இருந்தது. நிறுவனம் கைமாறும், கூட்டுச் சேரும், புது இயந்திரம் வாங்கும். ஒவ்வொரு முறையும் சின்னம் அதற்கேற்ப மாறும். ஆளின் சின்னம் அவருடைய கையெழுத்து மாதிரி. அவருக்குப் பிறகு அதைத் திருத்தி எழுத யாருக்கும் உரிமையும் இல்லை, மனமும் வராது. விரிவான விடைக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தச் சின்னங்கள் அழகுக்காகப் பிறந்தவை அல்ல, திருட்டுப் பயத்தில் பிறந்தவை. 1900களின் தொடக்கத்தில் படங்கள் வாடகைக்குப் போகவில்லை. அடிக்கு இவ்வளவு என்று பிரதியாகவே விற்கப்பட்டன. வாங்கியவன் அதிலிருந்து இன்னொரு நெகடிவ் எடுத்துத் தன் படமாக விற்றால் கேட்க நாதியில்லை. ஜார்ஜ் மெலியேஸ் 1902இல் எடுத்த நிலாப் பயணப் படத்தை அமெரிக்காவில் எடிசன் நிறுவனத்தார் உட்படப் பலர் இப்படித்தான் பிரதியெடுத்துக் காசு பார்த்தார்கள். தலைப்பு அட்டையில் பெயர் போட்டால் போதாது, அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடுவார்கள். அதனால் பிரான்சின் பதே நிறுவனம் தன் சேவல் சின்னத்தைக் காட்சியின் அரங்கத்திலேயே வைத்தது. கதை நடக்கும் அறையின் சுவரில் சம்பந்தமே இல்லாமல் ஒரு சேவல் இருக்கும். அதை நீக்க வேண்டுமானால் காட்சியையே நீக்க வேண்டும். இன்று ஓடிடி தளங்களும் தொலைக்காட்சிகளும் திரையின் மூலையில் வைக்கும் சின்னத்துக்கு மூத்த பாட்டன் அந்தச் சேவல்தான்.

பிறகு பிரதிகள் வாடகைக்குப் போகத் தொடங்கின, பதிப்புரிமைச் சட்டமும் வலுத்தது. சின்னம் சுவரிலிருந்து இறங்கிப் படத்தின் வாசலுக்கு வந்தது. பாரமவுண்ட் மலை 1914இல் வந்தது, அதன் நிறுவனர் டபிள்யூ. டபிள்யூ. ஹாட்கின்சன் தான் இளமையில் பார்த்த யூட்டா மாநிலத்து மலை ஒன்றை நினைவில் வைத்துக் கிறுக்கியது என்பார்கள். சிங்கம் 1916இல் கோல்ட்வின் நிறுவனத்துக்காக வந்தது. அதை வரைந்துகொடுத்த ஹோவர்ட் டீட்ஸ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கத்திய விளையாட்டு அணிகளின் பெயர் சிங்கங்கள். 1924இல் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து எம்.ஜி.எம். ஆனபோது சிங்கமும் சீர்வரிசையாக வந்துசேர்ந்தது.

இனிமேல் நடந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகக் காரணம் உண்டு. 1924இல் திரையில் வந்த ஸ்லாட்ஸ் என்ற சிங்கம் கர்ஜிக்காது, சும்மா பார்க்கும், மௌனப்பட காலம். 1928இல் ஜாக்கி வந்தது. அதன் கர்ஜனையை இசைத்தட்டில் பதிவுசெய்து, திரையில் வாய் திறக்கும் நேரத்தில் அரங்கில் ஓடவிட்டார்கள். "எங்களிடம் ஒலி இருக்கிறது" என்று அறிவிக்க அதைவிட மலிவான வழி கிடையாது. இப்போது இருக்கும் லியோ 1957இல் வந்தது. 1980களில் அதன் குரலைப் புதிதாக அமைத்த ஒலிக்கலைஞர் மார்க் மங்கினி புலியின் உறுமலைப் பயன்படுத்தினார். சிங்கத்தின் உண்மையான குரல் திரைக்குப் போதிய ஆவேசமாக இல்லையாம். 2021இல் சிங்கமே கணினி உருவமாகிவிட்டது. அடுத்த ஆண்டு அமேசான் எம்.ஜி.எம்.மை வாங்கியது.

ஒலிக்கு அடுத்து அகலம். 1953இல் தொலைக்காட்சியை எதிர்த்து நிற்க ட்வெண்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை லென்ஸ் முறையைக் கொண்டுவந்தது. ஏறக்குறையச் சதுரமான பழைய திரைக்கு வரையப்பட்ட கோபுரமும் தேடுவிளக்குகளும் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு அகலமான திரையில் நடுவில் ஒடுங்கி நிற்கும். ஆகவே மறுபடி வரைந்தார்கள். ஆல்ஃபிரட் நியூமன் 1933இல் எழுதிய எக்காள இசை நீளம் போதாமல், "சினிமாஸ்கோப்" என்ற சொல் திரையில் வரும் நேரத்துக்காக அவரே இன்னொரு பகுதியை எழுதிச் சேர்த்தார். அந்த இசையின் பின்பாதியில் வயலின்கள் எழும்பும் பகுதி உங்களுக்குப் பிடிக்குமென்றால், நீங்கள் ரசிப்பது ஒரு லென்ஸ் விளம்பரத்தை. 1970களில் அந்த இசை ஏறத்தாழ ஒதுக்கப்பட்டிருந்தது. 1977இல் ஜார்ஜ் லூகாஸ் தன் விண்வெளிப் படத்துக்கு அது வேண்டும் என்றார். ஜான் வில்லியம்ஸும் அதே சுருதியில் தன் தொடக்க இசையை அமைத்தார். சின்னத்தின் கடைசி ஸ்வரத்திலிருந்து படத்தின் முதல் ஸ்வரத்துக்குப் படி இடறாமல் ஏறலாம்.

கைமாறும்போது என்ன ஆகும் என்பதற்கு வார்னர் பிரதர்ஸ் நல்ல சான்று. 1923 முதல் கேடயம்தான் அவர்கள் அடையாளம். 1960களின் இறுதியில் நிறுவனம் இரண்டு முறை கைமாறியது. 1972இல் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் சால் பாஸ், கேடயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று தடித்த கோடுகளாலான ஒரு 'டபிள்யூ' வரைந்துகொடுத்தார். இசைத்தட்டு, தொலைக்காட்சி, பத்திரிகை என்று எல்லா வணிகத்துக்கும் பொதுவான குறி அது. என் கண்ணுக்கு இன்றும் அழகானது. ஆனால் சினிமாவின் வாசலில் அது வங்கிக் கிளைப் பலகைபோல நின்றது. 1984இல் கேடயம் திரும்பிவிட்டது. கொலம்பியாவின் தீப்பந்தப் பெண்ணும் அப்படியே: 1982இல் கோகோ கோலா வாங்கி, 1989இல் சோனி வாங்கி, அதற்குப் பிறகுதான் ஓவியர் மைக்கேல் டீஸ் 1992இல் இன்றைய உருவத்தைத் தீட்டினார். யுனிவர்சலின் உருண்டையைப் பற்றித் தனியாகவே எழுதலாம்: சுற்றிப் பறக்கும் விமானம், பளிங்கு போன்ற பூகோளம், 1963இன் விண்வெளிப் பந்து, 1997, 2012. ஆனால் காரணங்கள் மேலே சொன்னவைதாம், ஆகவே அதை விட்டுவிட்டு மும்பைக்கு வருகிறேன்.

இங்கே கதை வேறு மாதிரி. மேற்கிந்தியாவின் முதல் பெரிய சின்னம் மும்பையில்கூடப் பிறக்கவில்லை, 1929இல் கோலாப்பூரில் தொடங்கிய பிரபாத் நிறுவனத்துடையது: ஒரு பெண் நின்று துத்தாரி என்ற நீண்ட கொம்பை ஊதுவாள். 1933இல் நிறுவனம் புனேவுக்குப் போனது. அந்த வளாகத்தில்தான் 1960 முதல் திரைப்படக் கல்லூரி நடக்கிறது. பிரபாத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வி. சாந்தாராம் 1942இல் பிரிந்துவந்து பரேலில் ராஜ்கமல் கலாமந்திர் வைத்தபோது பழைய கொம்பை எடுத்துவரவில்லை. தந்தை ராஜாராம், தாய் கமலா ஆகியோரின் பெயரைச் சேர்த்து நிறுவனத்துக்கு வைத்து, தாமரையைச் சின்னமாக்கினார். கவனியுங்கள்: ஹாலிவுட்டில் ஆள் வெளியேறினால் சின்னம் நிறுவனத்தோடு தங்கித் தொடர்ந்து உருமாறும். இங்கே ஆள் வெளியேறினால் புதுச் சின்னமே பிறக்கும்.

இயக்குநர் மெஹ்பூப் கானின் சின்னத்தை முதல்முறை பார்க்கிறவர்கள் திகைப்பார்கள். அரிவாளும் சுத்தியலும், நடுவே 'எம்' என்ற ஆங்கில எழுத்து. பின்னணியில் கணீரென்று ஓர் உருது ஈரடி ஒலிக்கும். அதன் பொருள்: பகைவன் லட்சம் தீங்கு நினைத்தாலும் என்ன ஆகிவிடும், இறைவன் ஏற்பதுதானே நடக்கும். கட்சிக்கொடியின் குறியையும் கடவுள் நம்பிக்கையையும் ஒரே சட்டகத்தில் வைத்துவிட்டு அவர் பாட்டுக்குப் படம் காட்டினார். இதில் முரண் இருப்பதாக மேடையில் பேசுகிறவர்கள் பேசட்டும். குஜராத்திலிருந்து வேலை தேடி வந்து, துணை நடிகராகத் தொடங்கி, பாந்திராவில் 1954இல் சொந்த ஸ்டூடியோ எழுப்பிய மனிதருக்கு உழைப்பும் விதியும் இரண்டுமே கண்கூடான அனுபவங்கள், இரண்டையும் எழுதிவைத்தார். எந்த நிறுவனக் குழுவும் இப்படி ஒரு சின்னத்துக்கு ஒப்புதல் தந்திருக்காது.

அந்தச் சின்னத்துக்கு ஒருமுறை வெட்டு விழுந்தது, அதுவும் ஹாலிவுட்டை முன்னிட்டு. 1957இல் வந்த 'மதர் இந்தியா' ஆஸ்கர் போட்டிக்கு அனுப்பப்பட்டது. பனிப்போர் காலம். வெளிநாட்டுக்கான சுருக்கிய பிரதியில் அரிவாள் சுத்தியல் நீக்கப்பட்டது. படம் இறுதிப் பட்டியல்வரை போனது, பரிசு கிடைக்கவில்லை.

அந்தப் படத்தின் நாயகி நர்கிஸ் என்பதால் ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டூடியோ சின்னத்துக்குத் தாவுகிறேன். இதைப் பற்றி மும்பைத் தமிழர்களிடம் நீட்டி முழக்கத் தேவையில்லை. செம்பூரில் குடியிருந்தவர்கள், சயான்–டிராம்பே சாலையில் பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் ஸ்டூடியோ வாசலில் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பார்த்தவர்கள் எத்தனை பேருக்கு அது எந்தக் காட்சி என்று தெரியும்? ராஜ் கபூரின் இரண்டாவது தயாரிப்பான 'பர்சாத்', 1949. நாயகனின் ஒரு கையில் வயலின் தொங்குகிறது. மறு கையில் நர்கிஸ் பின்னால் வளைந்து சாய்ந்திருக்கிறார். ஒரு கையில் கலை, மறு கையில் காதல், இரண்டையும் விடமாட்டேன் என்று நிற்கும் ஓர் இருபத்துநான்கு வயது முதலாளி. விளம்பரத்துக்குப் பொருத்தமாக அமைந்த அந்தக் கோலம் நிறுவனத்தின் சின்னமாகவே நிலைத்துவிட்டது. அதற்கு முன்னால், தந்தை பிருத்விராஜ் கபூர் சிவலிங்கத்துக்குப் பூசை செய்யும் ஒரு துண்டுக்காட்சியும் படங்களில் இடம்பெறும். தந்தை, தனயன், காதலி என்று ஒரு குடும்ப ஆல்பத்தையே புரட்டிவிட்டுத்தான் கதைக்குள் விடுவார்கள்.

1956க்குப் பிறகு நர்கிஸ் ஆர்.கே. படங்களில் நடிக்கவில்லை. அடுத்த ஆண்டு மெஹ்பூபின் அரிவாள் சுத்தியலுக்குக் கீழே வாழ்க்கையின் மிகப் பெரிய பாத்திரத்தைச் செய்தார். 1958இல் சுனில் தத்தை மணந்தார். ஆனால் ஆர்.கே. சின்னத்தில் அவர் சாய்ந்த சாய்வு நிமிரவே இல்லை. வைஜெயந்திமாலா வந்தார், பத்மினி வந்தார், டிம்பிள் கபாடியா வந்தார். வாசலில் மட்டும் அதே உருவம். கோடுகள் காலப்போக்கில் எளிமையாயின, அவ்வளவே. ஒரு ஹாலிவுட் நிறுவனத்தில் இது நடக்குமா என்று யோசித்துப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்த நடிகையின் உருவத்தை வழக்கறிஞர்கள் மறுநாளே எடுக்கச் சொல்லியிருப்பார்கள். ராஜ் கபூர் 1988இல் காலமானார். பிள்ளைகள் 1999வரை மூன்று படங்கள் எடுத்தார்கள். 2017 செப்டம்பரில் தீ விபத்தில் படப்பிடிப்புத் தளம் எரிந்தது. உடைகளும் நினைவுப்பொருள்களும் போயின. 2019இல் 2.2 ஏக்கர் நிலத்தை கோத்ரெஜ் பிராப்பர்ட்டீஸ் வாங்கியது. நிலம் கைமாறியது, சின்னத்தை வேறு யாரும் தன் படத்துக்கு முன்னால் போட்டுக்கொள்ளவில்லை. போட்டாலும் எடுபடாது.

குடும்பம் தொடர்ந்து தொழில் நடத்தினால் சின்னமும் தொடரும் என்பதற்கு ராஜ்ஸ்ரீ சாட்சி. 1947இல் தாராசந்த் பர்ஜாத்யா தொடங்கியது; சரஸ்வதிதான் அன்றைக்கும் இன்றைக்கும். நம் பக்கத்து ஜெமினியும் ஏ.வி.எம்.மும் இதே வகைதாம், அவற்றை மும்பைக்காரர்களும் அறிவார்கள். எஸ். எஸ். வாசன் 1948இல் 'சந்திரலேகா'வை இந்தியிலும் வெளியிட்ட பிறகு, எக்காளம் ஊதும் இரட்டைப் பிள்ளைகளைத் தெரியாத வட இந்திய ரசிகர் குறைவு. மாட்டுங்கா அரோரா திரையரங்கில் தமிழ்ப் படம் பார்த்த தலைமுறைக்கு அந்தப் பிள்ளைகளைக் கண்டதும் ஊர் ஞாபகம் வரும். பக்கத்துத் தெருவில் இந்திப் படம் பார்த்தவர் அதே பிள்ளைகளைக் கண்டு பிரம்மாண்டமான நடனம் ஒன்று வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்காருவார்.

பழைய சின்னங்களின் ஒரே உருவத்தைத்தான் நாம் பார்க்கிறோமா என்பதிலும் ஒரு சந்தேகம் தேவை. பிலிம் காலத்தில் படத்தொகுப்பு அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சின்னம் இருப்பது முதல் ரீலின் தலையில். புரொஜெக்டரில் கோக்கும்போது விரல் படுவது, தரையில் புரள்வது, பல்சக்கரத்தில் சிக்கிக் கிழிவது எல்லாம் அந்தத் தலைதான். கிழிந்த இடத்தை வெட்டி ஒட்டும்போது ஒவ்வொரு முறையும் சில சட்டகங்கள் போகும். சிறு நகரங்களைச் சுற்றி முடித்து வரும் பிரதியில் கதை முழுசாக இருக்கும். சின்னம் பாதியில் குதிக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கீறல்கள் மழைபோல் விழும் ஒரு தாமரையையோ வயலினையோ பார்த்து, "அந்தக் காலத்துச் சின்னம் இப்படி மங்கலாக இருந்தது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் நாள் பிரதியில் அது பளிச்சென்று இருந்திருக்கும்.

அமெரிக்காவில் இன்னொரு கூத்து நடந்தது. 1950களில் பழைய படங்களின் தொலைக்காட்சி உரிமையை வாங்கியவர்கள், முந்தைய முதலாளியின் சின்னத்தை வெட்டிவிட்டுத் தங்களுடையதை ஒட்டினார்கள். பூமிப்பந்தின்மேல் நின்று வானொலிச் சமிக்ஞை அனுப்பும் ஆர்.கே.ஓ. கோபுரம் இப்படிப் பல பிரதிகளிலிருந்து காணாமல் போனது. ஆகவே இணையத்தில் "சின்னங்களின் வரலாறு" என்று தொகுத்துப் போடும் காணொளிகளைப் பார்க்கும்போது, படத்தின் ஆண்டும் சின்னத்தின் ஆண்டும் பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள்.

மும்பையில் சின்னங்கள் ஹாலிவுட் பாணியில் உருமாறத் தொடங்கியது பணம் வரும் வழி மாறிய பிறகு. 1998இல் மத்திய அரசு திரைப்படத் துறைக்குத் தொழில் அந்தஸ்து அறிவித்தது. அதன்பின் வங்கிக் கடனும் நிறுவன முதலீடும் வரத் தொடங்கின. முன்பு வட்டிக்குப் பணம் கொடுத்தவர் திரையில் முகம் காட்ட மாட்டார். காட்டக் கூடாத காரணங்களும் அவருக்கு இருந்திருக்கலாம். இப்போது பணம் போட்ட ஒவ்வொருவருக்கும் திரையில் சில வினாடிகள் எழுத்துமூலமான உரிமை. தணிக்கைச் சான்றிதழ், புகையிலை எச்சரிக்கை, நன்றி அறிவிப்பு, அதன்பின் நான்கைந்து சின்னங்கள் என்று வரிசைகட்டி வந்து, கதை தொடங்குவதற்குள் பாப்கார்ன் பாதி தீர்ந்துவிடுவதன் காரணம் இதுதான். யார் சின்னம் முதலில், யாருடையது எத்தனை வினாடி என்பது ஒப்பந்தத்தில் பேரம் பேசி முடிவாவது. இயக்குநருக்கு அதில் பெரும்பாலும் பேச்சில்லை.

கைமாற்றமும் உடனே சின்னத்தில் தெரிகிறது. மும்பையின் யுடிவியை 2012இல் டிஸ்னி எடுத்துக்கொண்டதும் இரண்டு பெயர்களும் ஒட்டி வந்தன. 2008இல் தொடங்கிய ஃபாக்ஸ் ஸ்டார் ஸ்டூடியோஸின் கதை இன்னும் சுவையானது. 2019இல் அமெரிக்காவில் டிஸ்னி ஃபாக்ஸின் திரைப்படப் பிரிவை வாங்கியது. 2020இல் அங்கே கோபுரத்திலிருந்து 'ஃபாக்ஸ்' என்ற சொல் நீக்கப்பட்டது. சில ஆண்டுகளில் இங்கும் அது உதிர்ந்து ஸ்டார் ஸ்டூடியோஸ் ஆனது. அங்கே போட்ட கையெழுத்து, அந்தேரியிலும் மாட்டுங்காவிலும் திரையில் ஓடும் எழுத்துகளை மாற்றியது. மெஹ்பூபின் சின்னத்தை மாற்ற மெஹ்பூப்தான் கையெழுத்திட வேண்டியிருந்தது.

இரண்டு வகைக்கும் நடுவில் நிற்பது யஷ் ராஜ். 1970இல் ஓர் இயக்குநரின் பெயரில் தொடங்கியது, ஆனால் விநியோகம், இசை, அந்தேரியில் சொந்த ஸ்டூடியோ என்று நிறுவனமாகவே வளர்ந்தது. அதனால் பெயர் ஆளுடையதாகவே இருக்க, எழுத்துகளின் அசைவும் ஒளியும் மட்டும் காலத்துக்கேற்ப மாறின. வயலினைத் தொட முடியாத இடத்தில் எழுத்துகளைத் தாராளமாக மாற்றலாம். முகம் இல்லாத சின்னத்துக்கு அந்த வசதி உண்டு. தனிப்பட்ட முறையில், கணினியில் செய்த பளபளப்பான தங்க எழுத்துகள் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பது என் மனக்குறை. கண்ணை மூடிக்கொண்டு இசையை மட்டும் கேட்டால் எது யாருடையது என்று சொல்வது கடினம். நெட்ஃபிளிக்ஸ் இதில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது: 2015 முதல் இரண்டே அடி, "டு-டும்". கைப்பேசியில் பார்ப்பவருக்குப் பதினைந்து வினாடி எக்காளம் ஊதினால் அவர் விரல் தாண்டிப் போய்விடும்.

இனி சிங்கம். எம்.ஜி.எம். விலங்குகளை அலைக்கழித்தது உண்மை. விளம்பரத்துக்காக 1927இல் ஒரு சிங்கத்தைக் கூண்டோடு விமானத்தில் ஏற்றி அனுப்ப, அது அரிசோனாவில் விழுந்தது. விமானியும் சிங்கமும் பிழைத்தார்கள். ஆனால் கட்டிலில் கட்டிய சிங்கத்தின் படம் பொய். அது இஸ்ரேலில் ஒரு கால்நடை மருத்துவமனையில் நோயுற்ற சிங்கத்துக்கு மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுத்தபோது பிடித்த படம். பக்கத்தில் ஒரு பழைய எம்.ஜி.எம். சட்டகத்தை ஒட்டி யாரோ கதை கட்டிவிட்டார்கள். 1928இல் உண்மையாக எடுத்த புகைப்படமும் கிடைக்கிறது: ஜாக்கி ஒரு மேடையில் சாவகாசமாகப் படுத்திருக்கிறது, சில அடி தள்ளிக் கேமராக்காரரும் ஒலிப்பதிவாளரும் தங்கள் கருவிகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் கட்டிப்போட்டாலும் ஓடிவிடுவார்கள் போலத் தெரிவது அந்த இரண்டு மனிதர்கள்தாம்.